ஆஸ்பத்திரிக்குப் பேசத் தெரிந்த ஆள்

எங்கள் சொந்தத்தில் ஆஸ்பத்திரிக்கென்றே ஒரு ஆள் உண்டு. கல்யாணத்துக்கு ஒரு சமையல்காரர், இடம் அளக்க ஒரு சர்வேயர் என்று இருக்கிற மாதிரி, யாருக்கு என்ன நோவு வந்தாலும் இந்த மனிதரைக் கூப்பிடாமல் டாக்டரிடம் போகக் கூடாது. என் வீட்டுக்காரரின் அக்காவைக் கட்டியவர். எனக்கு அண்ணன் முறை. இளவட்டமாக இருந்தபோது கம்பத்தில் ஒரு மருந்துக்கடையில் எட்டு மாதம் அட்டைப்பெட்டி பிரித்துப் போட்டிருக்கிறார். அவருடைய மருத்துவப் படிப்பு அவ்வளவுதான். அதற்கு மேல் அவரிடம் இருப்பது ஒரு தோல் பையும், இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையும், எந்த டாக்டரைப் பார்த்தாலும் பாதிச் சிரிப்போடு "சார், இது நம்ம கேஸு" என்று தொடங்குகிற தைரியமும்தான்.

அவருக்கு ஒரு கொள்கை உண்டு. ஆஸ்பத்திரியில் எதைக் கேட்டாலும் இல்லை என்று சொல்லிவிட வேண்டும். சர்க்கரை இருக்கா, இல்லை. பீடி குடிப்பாரா, இல்லை. முன்னால் எதற்காவது வைத்தியம் பார்த்ததுண்டா, கிடையவே கிடையாது. "ஒண்ண ஒத்துக்கிட்டாப் போதும், நமக்கெதுக்கு வம்புன்னு மதுரைப் பெரியாஸ்பத்திரிக்குத் துண்டுச் சீட்டு எழுதிக் குடுத்துருவாக. அங்கன போனா கேக்க நாதியத்துக் கெடக்கணும்" என்பார். எங்கள் பக்கத்தில் மதுரைக்கு எழுதிவிட்டார்கள் என்றால் பாதி உயிர் போய்விட்டதாக அர்த்தம். அதனால் அவர் இதைச் சொல்லும்போது எல்லோரும் தலையாட்டுவார்கள். நானும் ஆட்டியிருக்கிறேன். இப்போது அதை மறைத்து எனக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை.

எங்களுக்குக் கம்பத்துக்குத் தெற்கே கொஞ்சம் திராட்சைத் தோட்டம். அதில் பாடுபடுவதைத் தவிர என் வீட்டுக்காரருக்கு வேறு ஒன்றும் தெரியாது. பீடியைத் தவிர என்று சேர்த்துச் சொல்ல வேண்டும். ஒரு வருஷமாகவே அவருக்கு இடது காலில் தொந்தரவு. பந்தலுக்குக் கீழே இரண்டு வரிசை நடந்தால் கெண்டைக்கால் இறுக்கிப் பிடிக்கும். கல்தூணைப் பிடித்துக்கொண்டு சற்று நின்றால் விட்டுவிடும். மறுபடி நடந்தால் மறுபடி பிடிக்கும். காலுக்குப் போகிற ரத்தக்குழாய் பீடியால் கெட்டு அடைத்துக்கொண்டு வந்ததுதான் காரணம் என்று பிற்பாடு டாக்டர் சொன்னார். அண்ணன் அதை ஒரு வருஷம் முன்னாலேயே பார்த்துவிட்டு "வாயு" என்று சொல்லியிருந்தார்.

வாயுவுக்கு அவரே மருந்துக்கடையில் சொல்லி மாத்திரை வாங்கிக் கொடுத்தார். வெள்ளை ஒன்று, ரோஸ் ஒன்று, மஞ்சள் ஒன்று, பெயர் தெரியாமல் காகித உறையில் போட்டு. அது வெறும் வலி மாத்திரை. போட்டால் வலி கேட்டது. கேட்கிறதே என்று என் வீட்டுக்காரர் இரண்டு மாதம் காலையில் வெறும் வயிற்றில் அதை விழுங்கிவிட்டுத் தோட்டத்துக்கு மருந்தடிக்கப் போனார். சாப்பிட்டுவிட்டுப் போடுங்கள் என்று நான் சொன்னால், "நீ டாக்டரா?" என்பார். அவருடைய மச்சானை ஒரு நாளும் அப்படிக் கேட்டதில்லை.

அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பண்ணைப்புரத்தில் சொந்தக்காரப் பிள்ளைக்குக் காதுகுத்து, கிடா வெட்டு. ரத்தப் பொரியலை இரண்டு தடவை கேட்டு வாங்கித் தின்றார். மறுநாள் காலையில் கக்கூஸிலிருந்து என்னைக் கூப்பிட்டார்.

"ஏ, இந்தா, இங்கன வந்து இதப் பாரு."

முப்பது வருஷக் குடித்தனத்தில் இதற்கெல்லாம் கூச்சம் கிடையாது. எட்டிப் பார்த்தேன். ரோட்டுக்கு ஊற்றுகிற தார் மாதிரி கறுப்பாக இருந்தது. நாற்றமும் வழக்கமான நாற்றம் இல்லை. வாங்க, ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்றேன். அவர் மச்சானுக்குப் போன் போட்டார். அண்ணன் அந்தப் பக்கம் சிரித்தது எனக்கே கேட்டது. "ரத்தத்தத் தின்னா ரத்தமாத்தான்டா போகும். இதுக்குப் போயி டாக்டரா?" அதோடு முடிந்தது பேச்சு. ஞாயிற்றுக்கிழமை தின்ற பொரியல் வெள்ளிக்கிழமை வரைக்கும் கறுப்பாகப் போனது. அந்தக் கிடாவின் மொத்த ரத்தத்தையும் அவர் ஒருத்தரே குடித்திருந்தாலும் அத்தனை நாள் வராது. ஆனால் சனிக்கிழமை நிறம் மாறியது. சரி, போகட்டும் என்று நானும் விட்டுவிட்டேன்.

அதற்குப் பிறகு இரண்டு வாரம் கூட ஆகவில்லை. ஒரு வியாழக்கிழமை காலை எழுந்து கட்டிலை விட்டு இறங்கினவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். இடது காலை ஊன்ற முடியவில்லை. முழங்காலுக்குக் கீழே வலி உயிர் போகிறது என்றார். தொட்டுப் பார்த்தேன். ஈரத் தரையைத் தொட்டது மாதிரி சில்லென்று இருந்தது. நிறம் செத்து, மெழுகு மாதிரி வெளுத்திருந்தது. விரலை ஆட்டுங்கள் என்றால் ஆட்ட வரவில்லை.

அண்ணன் கால் மணி நேரத்தில் வந்துவிட்டார். வெள்ளைச் சட்டை, தோல் பை, எல்லாம் சரி. காலை இரண்டு தட்டுத் தட்டினார். "நரம்பு சுருட்டிக்கிச்சு" என்றார். காரில் ஏற்றினோம். கம்பத்தில் ஆஸ்பத்திரி இருக்கிறது, உத்தமபாளையத்தில் இருக்கிறது, தேனியில் தெருவுக்குத் தெரு இருக்கிறது. எல்லாவற்றையும் தாண்டிப் போய், பெரியகுளத்தையும் தாண்டி, தேவதானப்பட்டியில் நரம்பு தடவுகிற ஒரு வைத்தியர் வாசலில் கார் நின்றது. அந்த வைத்தியர் பாவம், எண்ணெய்க் கிண்ணத்தைக் கையில் எடுத்தவர், பாதத்தைத் தொட்டதும் கீழே வைத்துவிட்டார். "இதுல நாடியே இல்லையேய்யா. எங்கிட்ட எதுக்குக் கொண்டாந்தீக? தேனிக்கு ஓடுங்க" என்றார். படிக்காத அந்த மனிதருக்குத் தனக்கு என்ன தெரியாது என்று தெரிந்திருந்தது. வந்த வழியே திரும்பினோம். காருக்குள் என் வீட்டுக்காரர் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தார். முன்சீட்டில் இருந்து அண்ணன் திரும்பி என்னைப் பார்த்து, "ஆத்தா, அங்கன போயி நீ வாயத் தொறக்காத. எல்லாம் நான் பேசிக்கிறேன்" என்றார்.

தேனியில் நாங்கள் போய்ச் சேர்ந்த தனியார் ஆஸ்பத்திரிக்கு வியாழக்கிழமைகளில் மட்டும் மதுரையிலிருந்து ரத்தக்குழாய் ஆபரேஷன் டாக்டர் வருவார். அன்றைக்கு வியாழக்கிழமை. எங்கள் நல்ல காலம். அவருக்கு உதவியாக ஒரு பெண் டாக்டர், சின்ன வயது, வெளியூர்ப் பேச்சு. ஒரு கருவியைக் காலில் வைத்துப் பார்த்தார். வலது காலில் வைத்தால் புஸ் புஸ்ஸென்று ரத்தம் ஓடுகிற சத்தம் கேட்டது. இடது காலில் ஒன்றுமே இல்லை. உடனே ஆபரேஷன் என்றார்கள். கேள்விகள் ஆரம்பித்தன.

"பீடி, சிகரெட்?"

"அந்தப் பழக்கமே கிடையாது மேடம்" என்றார் அண்ணன்.

என் வீட்டுக்காரரின் விரல் மஞ்சள் பூத்துக் கிடந்தது. சட்டைப்பையில் தீப்பெட்டி துருத்திக்கொண்டிருந்தது. அந்தப் பெண் விரலைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், என்னவோ எழுதிக்கொண்டார்.

"வேற ஏதாவது மாத்திரை சாப்பிடறாரா? அல்சர், ரத்த வாந்தி, மலம் கறுப்பா போறது?"

"ஒண்ணுமே கிடையாது. ஆளு கல்லு மாதிரி."

"ரத்தம் ரொம்பக் கம்மியா இருக்கே?"

"விவசாயி ஒடம்புல வேற என்ன மேடம் இருக்கும்?"

அந்தப் பெண் படுத்திருந்தவரையே கேட்டார். அவர் பதில் சொல்வதற்கு முன் மச்சான் முகத்தைப் பார்த்தார். அப்புறம் இல்லை என்று தலையாட்டினார். நான் கட்டிலுக்கு இந்தப் பக்கம் துண்டும் பிளாஸ்குமாக நின்றுகொண்டிருந்தேன். என்னை யாரும் கேட்கவில்லை. கேட்கவில்லையே என்று நானும் நின்றேன்.

உள்ளே கொண்டுபோன பிறகு ஒரு வேன் நிறையச் சொந்தம் வந்து இறங்கியது. ஆஸ்பத்திரி பார்ப்பது எங்கள் ஆட்களுக்கு ஒரு திருவிழா. ஒருத்தர் புரோட்டா எங்கே நன்றாயிருக்கும் என்று விசாரித்தார். ஒருத்தர் நர்சிடம் போன் சார்ஜ் போட இடம் கேட்டார். இரண்டு பேர் இந்த வருஷம் பன்னீர் திராட்சைக்கு மழை என்ன செய்யும் என்று சண்டை. நடுவில் அண்ணன் மாப்பிள்ளை வீட்டார் மாதிரி கால் மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். வந்தவர்கள் எல்லாம் அவரிடம்தான் விசாரித்தார்கள். நான் சும்மா கூட வந்தவள் போல ஒரு ஓரமாக நின்றேன்.

ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. பெண் டாக்டர் முகமூடியைக் கீழே இறக்கிக்கொண்டு கதவருகே வந்து நின்று பொறுமையாகச் சொன்னார்.

"தொடையில சின்னதா கீறி, பெரிய குழாயில இருந்த ரத்தக்கட்டியைப் பலூன் விட்டு இழுத்தாச்சு. ஆனா முட்டிக்குக் கீழே சின்னச் சின்னக் குழாய்ல இன்னும் அடைப்பு இருக்கு. அதுக்குள்ள பலூன் போகாது. கட்டியைக் கரைக்கிற மருந்தை நேரா அந்தக் குழாய்லயே செலுத்தி அரை மணி நேரம் பார்க்கலாம்னு சார் சொல்றாங்க. ஆனா அந்த மருந்துக்குக் கால்ல இருக்கிற கட்டி மட்டும்தான்னு தெரியாது. உடம்புல வேற எங்கயாவது ரத்தம் கசிஞ்சு, உறைஞ்சு, ஆறிக்கிட்டு இருந்தா அதையும் கரைச்சு விட்டுடும். நிறுத்தறது கஷ்டம். அதனால மறுபடி கேக்கறேன். ஒரு மாசத்துக்குள்ள எங்கயாவது ரத்தம் போச்சா? தலையில அடி? மலம் கறுப்பா?"

"கேட்டதையே எத்தன தடவ மேடம் கேப்பீக? ஒண்ணும் கிடையாது. போடச் சொல்லுங்க" என்றார் அண்ணன். நீட்டிய காகிதத்தில் கையெழுத்துப் போட்டார். வளைத்து, அடியில் இரண்டு புள்ளி வைத்து, சப்-ரிஜிஸ்திரார் மாதிரி. கதவு மூடியது.

எனக்கு அந்தப் பெண் சொன்னது முழுக்கப் புரிந்தது. எட்டாவது வரை படித்தவளுக்கே புரிகிற மாதிரிதான் சொன்னார். வெள்ளிக்கிழமை வரைக்கும் நான் கண்ணால் பார்த்த தார் என் கண் முன்னால் நின்றது. என் வாயைக் கட்டிப்போட்டது அண்ணன் மட்டும் இல்லை. வரிசையாக உட்கார்ந்திருந்த அத்தனை மாமன் மச்சான் முன்னால், என் புருஷனுக்கு மலம் எப்படிப் போனது என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. தூ. ஒரு ஆளின் உயிர் உள்ளே கிடக்கிறது, நான் வெளியே வெட்கத்தைக் கட்டிக்கொண்டு நிற்கிறேன். அந்த இரண்டு மூன்று நிமிஷத்தை நினைத்தால் இன்றைக்கும் என் மூஞ்சியில் நானே காறித் துப்பலாம் போல இருக்கும்.

அண்ணன் யாருக்கோ போன் பேசிக்கொண்டிருந்தார். "பயமே இல்ல. கரைக்கிற மருந்து போடப் போறாக. நாந்தேன் கையெழுத்துப் போட்டேன். எதுன்னாலும் நான் இருக்கேன்ல" என்றார். உள்ளே படுத்திருப்பவர் இருப்பாரா என்றுதான் பேச்சு. இவர் இருப்பதைப் பற்றி யார் கேட்டார்கள்?

பிளாஸ்கைக் கீழே வைத்துவிட்டுப் போய்க் கதவைத் தள்ளினேன். உள்ளே இன்னொரு கதவு. அதையும் தள்ளினேன். ஒரு நர்ஸ், "செருப்பு, செருப்பு, செருப்போட வராதீங்க" என்று கையை விரித்துக்கொண்டு ஓடி வந்தார். நான் அந்த இடத்திலேயே நின்று, உள்ளே இருக்கிறவர்களுக்குக் கேட்க வேண்டும் என்று உரக்கச் சொன்னேன்.

"டாக்டரய்யா, அந்த மருந்தப் போட்றாதீக. அவருக்குப் போன மாசக் கடைசியில அஞ்சு நாளு மலம் தாரு மாதிரிக் கறுப்பாப் போச்சு. ரெண்டு மாசமா வலி மாத்திரை வெறும் வயித்துல போட்டுருக்காரு. வெளிய சொன்னதெல்லாம் பொய்யி."

எனக்குப் பின்னால் வராந்தாவிலிருந்து அண்ணன் ஓடி வந்து என் தோளைப் பிடித்தார். "பயத்துல உளறுது, சிஸ்டர். நீங்க போடுங்க" என்றார். நான் அவர் கையைத் தட்டிவிட்டேன். முப்பது வருஷத்தில் அவரை நான் தொட்டது அதுதான் முதல் தடவை.

மருந்து சிரிஞ்சில் தயாராக இருந்ததாம். போடவில்லை. டாக்டர் மறுபடி இன்னும் சின்ன பலூனை விட்டு, வந்தவரைக்கும் இழுத்துப் பார்த்திருக்கிறார். கணுக்கால் வரைக்கும் ரத்தம் போனது. பாதத்துக்குள் போகவில்லை. முடித்துவிட்டு அவரே வெளியே வந்தார். அண்ணன் தோல் பையோடு முன்னால் போய், "சார், நம்ம கேஸு" என்றார். டாக்டர் அவரைத் தாண்டி என்னிடம் வந்தார்.

"முழு மயக்கம் குடுக்கலம்மா. தொடையை மட்டும்தான் மரக்க வச்சிருந்தோம். நீங்க கத்தினது அவருக்கும் கேட்டுது. உண்மையான்னு அவர்கிட்டயே கேட்டேன். என்ன சொன்னார் தெரியுமா? 'எங்க மச்சான் என்ன சொன்னாக'ன்னு கேக்கறார்."

தொடையைக் கிழித்து வைத்திருக்கும்போது, தன் வயிற்றில் இருந்து போனது என்ன நிறம் என்பதற்கு, இந்த மனிதர் மச்சானைக் கேட்கிறார். நான் என்னத்தைச் சொல்ல.

இரண்டு நாள் கழித்து வாய் வழியாகக் குழாய் விட்டு வயிற்றைப் பார்த்தார்கள். சுண்டைக்காய் அளவுக்கு ஒரு புண். மேலே ரத்தம் உறைந்து பொருக்குத் தட்டியிருந்தது. டாக்டர் அதைப் படத்தில் காட்டினார். அந்த மருந்தைப் போட்டிருந்தால் இது திறந்திருக்குமா என்று கேட்டேன்.

"திறந்திருக்கலாம். டேபிள்லயே ஆள் போயிருக்கலாம். திறக்காமலும் இருந்திருக்கலாம். அப்படி இருந்தா பாதமும் தப்பிச்சிருக்கலாம். எனக்குத் தெரியாதும்மா" என்றார்.

அந்தப் பதினைந்து நாளில் என்னிடம் தெரியாது என்று சொன்ன ஒரே ஆள் அவர்தான். அவ்வளவு படித்தவர்.

பாதம் தப்பவில்லை. பத்தாவது நாள் விரல்கள் கறுத்துக் காய்ந்தன. பெருவிரலோடு சேர்த்து முன்பாதத்தை எடுத்துவிட்டார்கள். குதிகாலும் பாதிப் பாதமும் மிச்சம். வீட்டுக்கு வந்தோம். ஆரஞ்சும் ஹார்லிக்ஸுமாக ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். அவர்களுக்கெல்லாம் கதை சொல்ல அண்ணனும் தவறாமல் வந்தார். மயிலாடும்பாறையிலிருந்து வந்த தூரத்துச் சொந்தம் வரைக்கும் அந்தக் கதை போய்ச் சேர்ந்தது.

"எல்லாம் நான் பேசிச் சரிக்கட்டி வச்சிருந்தேன். கரைக்கிற மருந்து ஊசியில ஏறிருச்சு. அரை மணி நேரம், காலு பூப்போல வந்துருக்கும். அந்த நேரம் பாத்து இந்தப் புள்ள செருப்புக் காலோட உள்ள போயிக் கத்திக் காரியத்தக் கெடுத்துருச்சு. பொம்பள வாயால ஒரு காலு போச்சு."

இதைச் சொல்லும்போது அவர் கையில் இருந்தது நான் போட்டுக் கொடுத்த காபி. வயிற்றுப் புண்ணைப் பற்றி ஒரு வார்த்தை வராது. தேவதானப்பட்டிக்குப் போனது வராது. ரோஸ் மாத்திரை வராது. கேட்கிறவர்கள் ச்சு கொட்டிவிட்டு என்னைப் பார்ப்பார்கள். அதெல்லாம் எனக்கு மயிருக்குச் சமானம். என் வயிற்றெரிச்சல் வேறு. ஒவ்வொரு தடவையும் கட்டிலில் இருந்து என் வீட்டுக்காரர் மெதுவாகத் தலையாட்டுவார்.

ஒரு நாள் காலையில் முற்றத்து வெயிலில் நாற்காலியைப் போட்டு அவரை உட்காரவைத்து, புண்ணுக்குக் கட்டு மாற்றிக்கொண்டிருந்தேன். தினமும் நான்தான் மாற்றுவேன். மச்சான் ஒரு நாளும் அந்தத் துணியைத் தொட்டதில்லை. நாற்றம் ஆகாது அவருக்கு. பழைய கட்டைப் பிரித்துவிட்டு உப்புத் தண்ணீரில் துடைத்துக்கொண்டிருக்கும்போது என் வீட்டுக்காரர் கேட்டார்.

"நீ அன்னைக்கு வாய மூடிக்கிட்டு இருந்திருந்தா எனக்கு முழுக் காலு இருந்திருக்கும்ல?"

கோபமாகக் கூடக் கேட்கவில்லை. தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சியாச்சா என்று கேட்கிற மாதிரி கேட்டார். எனக்கு உச்சியில் ஏறிவிட்டது.

"இருந்திருக்கும். ரெண்டு காலும் முழுசா இருந்திருக்கும். ரெண்டு பெருவெரலையும் சேத்துக் கட்டி ஐஸ் பெட்டிக்குள்ள படுக்க வச்சிருப்பாக. உங்க மச்சான் தலைமாட்டுல நின்னுக்கிட்டு, டாக்டர் மேலதேன் தப்புன்னு வர்றவுககிட்டயெல்லாம் சொல்லிக்கிட்டு இருந்திருப்பாக."

அவர் தன் பாதத்தைக் குனிந்து பார்த்தார். பெருவிரல் இருந்த இடத்தை ரொம்ப நேரம் பார்த்தார். அப்புறம் காலைத் தூக்கி என் மடியில் வைத்தார். அதற்குப் பிறகு அண்ணன் அந்தக் கதையைச் சொல்லும்போது அவர் தலையாட்டுவதில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்கிறார்.

அந்த மருந்தைப் போட்டிருந்தால் அவர் செத்திருப்பாரா என்று எனக்குத் தெரியாது. டாக்டருக்கே தெரியாது. போட்டு, புண்ணும் திறக்காமல், முழுப் பாதத்தோடு நடந்து தோட்டத்துக்குப் போயிருக்கவும் கூடும். இதை நினைக்காத நாள் இல்லை. ஆனால் அன்றைக்கு முற்றத்தில் நான் ஒரு நொடி கூடத் தயங்காமல், அண்ணன் பேசுகிற அதே குரலில்தான் அடித்துச் சொன்னேன். அவரும் நம்பிவிட்டார்.